எங்கள் ஊர்க் காற்றுக்கு ஜீரோ மார்க்

என் வீட்டுக்காரர் எந்தத் தப்பையும் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அவர் வைத்த குழம்பில் உப்பு கூடிவிட்டால் கடைக்காரர் உப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார். வழி தவறினால் ரோட்டைத் தோண்டிப் போட்டவர்கள் சரியில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதற்குக்கூட போட்டோக்காரர்தான் காரணம். திண்டுக்கல்லில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில், தகரக் கூரை எல்லாம் போடுவார். வேலை சுத்தமாக இருக்கும், வாய்தான் நீளம். அதனால் என் அப்பா ஊரில் அவர் போட்ட கூரை ஒரு கோடைச் சாயங்காலம் பறந்துபோய்விட்டது என்று போன் வந்தபோது, அவர் தன் மேல் குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டார் என்பது எனக்குத் தெரியும். யார் மேல் சொல்வார் என்பதுதான் தெரியவில்லை.

"டொர்னடோ," என்றார்.

"நம்ம ஊர்ல எங்கருந்துங்க டொர்னடோ?"

"ஏன், நம்ம ஊர்க் காத்துக்குச் சுத்தத் தெரியாதா?"

செல்போனில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துப் பார்த்து வந்த ஞானம் அது. காரைத் தூக்கி வீட்டு மேல் வைக்கும் காற்றுகளை ராத்திரிச் சாப்பாட்டோடு பார்ப்பவர். அகரம் பக்கத்துச் சோளக்காட்டில் அப்படி ஒன்று வந்தது என்றால் யார் நம்புவார்கள்?

பறந்தது சாதாரணக் கூரை இல்லை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில், கல்யாணம், காதுகுத்து, திருவிழாச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்று ஊரே சேர்ந்து போட்ட தகரக் கொட்டகை. சுவர் கிடையாது. இரும்புத் தூண், மேலே கூரை, அவ்வளவுதான். மதுரையிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்று சிலர் சொன்னபோது, கோயில் காரியங்களை முன்னால் நின்று பார்க்கும் என் அப்பாதான் "எம் மாப்ள இருக்கும்போது மதுரைக்கு எதுக்குப் போகணும்?" என்று மார்தட்டி வேலையை வாங்கிக் கொடுத்தார். இப்போது கொட்டகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அப்பா மாப்பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்திவிட்டார் என்றால், ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசினார். "தண்ணி வேணுமான்னு அவரைக் கேளும்மா." அவர் என் பக்கம் திரும்பி, "வேணாம்னு மாமாகிட்டச் சொல்லு." நான் நடுவில் தபால்பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

திருவிழா வரப்போகிறது, கூரையை மறுபடி போட வேண்டும். யார் போடுவது என்பதுதான் கேள்வி. அப்பா ஊர்க்கூட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "காத்து பெருசுன்னா எம் மாப்ளையே போடட்டும். வேலையில தப்புன்னா வேற ஆளுதான். மாப்ளைன்னு பாக்க மாட்டேன்." வேறு ஆள் வந்து போட்டால், அந்தப் பக்கத்து ஊர்களில் என் வீட்டுக்காரரை நம்பி யாரும் ஒரு கோழிக்கூண்டுகூடச் செய்யச் சொல்ல மாட்டார்கள். அப்பாவும் மருமகனும் அதற்கப்புறம் என்றைக்கு நேருக்கு நேர் பேசுவார்கள் என்பதும் கேள்விதான்.

காற்று எவ்வளவு பெரியது என்று யார் சொல்வது? ஊர் கூடி என்னைத்தான் சொன்னது. "நம்ம ஊர்ப் பிள்ளை காலேஜ்ல கட்டடப் பாடம்தான நடத்துது? அதே பாத்துச் சொல்லட்டும்." அப்பா பெண் என்பதால் அப்பா பக்கம் பேசுவேன் என்று ஒரு பாதி ஊரும், புருஷன் பக்கம் பேசுவேன் என்று இன்னொரு பாதியும் நினைத்துத்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

காற்று கட்டடத்தை எப்படித் தள்ளும், எப்படித் தூக்கும் என்று நான் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன், கடைசி பெஞ்ச் வருஷா வருஷம் தூங்குகிறது. சுழல்காற்றின் வேகத்தை நேராக அளக்க வழி கிடையாது. கருவியோடு அது வரும் வழியில் யார் போய் நிற்பது? அதனால் அது போன பிறகு, எதை உடைத்தது, எப்படி உடைத்தது, எந்தப் பக்கம் தள்ளியது என்று பார்த்து மார்க் போடுவார்கள். ஜீரோவில் ஆரம்பித்து ஐந்து வரை. கெட்டியாகக் கட்டியது உடைந்திருந்தால் பெரிய காற்று. ஏனோதானோவென்று கட்டியது உடைந்திருந்தால் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. வெறுங்காட்டின் மேல் எவ்வளவு பெரிய காற்று போனாலும் மார்க்கே கிடையாது, ஏனென்றால் உடைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஆக, காற்றுக்கு மார்க் போட வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக்காரருக்கு மார்க் போட்டாக வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். "தாராளமாப் போடு, நான் என்ன பயந்தவனா?" என்று பைக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் ஊருக்குப் போனேன். கையில் செல்போன் திசைகாட்டி, தலையில் தொப்பி, வெயிலுக்கு ஒரு பாட்டில் மோர். ரோட்டில் கால் வைத்ததுமே அசந்துபோனேன். ரோட்டுக்கு மேற்கே கிடந்த வேப்பங்கொப்பு, தென்னை மட்டை, தகரம் எல்லாம் கிழக்கே பார்த்துக் கிடந்தன. ரோட்டுக்குக் கிழக்கே கிடந்தவை மேற்கே பார்த்துக் கிடந்தன. நேர்க்காற்று என்றால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். நடுவை நோக்கி இருபுறமும் விழுந்திருந்தால்தான் அது சுழல்காற்று. இம்புட்டு அழகான சுழலை நான் பாடப்புத்தகத்துப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று அவருக்கு போன் போட்டு, "டொர்னடோதாங்க!" என்று கத்தினேன்.

அவர் ஜிலேபியோடு வந்து சேர்ந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அப்பாவுக்கு என் கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அப்பா அதை வாங்கி ஜன்னலில் வைத்தார்.

அப்போது ரோட்டோரம் குடியிருக்கும் என் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை.

"ஏம்மா, நான் இழுத்துப் போட்டது ரோட்டுலருந்து நல்லாத் தெரியுதுல்ல?"

"எதைச் சித்தி?"

"இந்தக் கொப்பைத்தான். கொல்லையில கெடந்துச்சு. முன்ன ஒருக்க வெள்ளத்தப்ப சேதம் பாக்க வந்தவுக ஜீப்பை விட்டு எறங்கவே இல்ல. ரோட்டுல இருந்து பாத்துட்டு ஒண்ணும் ஆகலன்னு போய்ட்டாக. அதுல இருந்து நாங்க எல்லாரும் சேதத்தை ரோட்டுக்குக் கொண்டாந்துருவோம்."

எல்லாரும் என்றால் எல்லாருமேதான். ஒவ்வொரு வீடும் தன் கொல்லையில் விழுந்ததை, கொப்பைப் பிடித்து, ரோட்டைப் பார்க்க இழுத்து வந்து அழகாகக் கிடத்தியிருந்தது. மேற்கு வீட்டார் கிழக்கே இழுத்தார்கள், கிழக்கு வீட்டார் மேற்கே இழுத்தார்கள். நான் கண்டுபிடித்த மாபெரும் சுழலின் மையம் தார் ரோடு. ஒரு வீட்டுக்காரர், சேதம் கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறதே என்று, போன வருஷம் விழுந்த முருங்கையையும் சேர்த்துப் போட்டிருந்தார். அது காய்ந்து விறகாகியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஜிலேபி தின்றவர்கள் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சித்தியைப் பார்த்து, "அத்தை, நீங்க செத்த நேரம் சும்மா இருந்திருக்கலாம்," என்றார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒரே விதி: வேர் இன்னும் மண்ணில் இருந்தால்தான் சாட்சி. கண்மாய்க் கரையிலிருந்து ஆரம்பித்து முருங்கைத் தோட்டம் வழியாக நடந்தேன். முருங்கை ஒரு நோஞ்சான் மரம், பெருமூச்சு விட்டாலே முறியும். அதனால் முறிந்தது பெரிசில்லை. எந்தப் பக்கம் முறிந்தது என்பதுதான் சங்கதி. ஒரு பஸ் போகிற அகலத்துக்கு நீளமாக ஒரு தடம். அதற்கு இந்தப் பக்கம் இருந்தவை அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் இருந்தவை இந்தப் பக்கமும் முறிந்து, நிஜமாகவே உள்நோக்கிக் கிடந்தன. தடத்துக்கு வெளியே ஒரு இலை உதிரவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு கண்மாய்க்குள் கிடந்தது, சித்தி வீட்டு வாசல் கொடியில் அன்றைக்குக் காயப்போட்டிருந்த சேலை அசையக்கூட இல்லையாம். தடம் நேராகக் கொட்டகை மேல் ஏறித் தென்னந்தோப்பில் இறங்கி முடிந்தது.

சுழல்காற்றுதான். அவர் சொன்னது சரிதான். ஆனால் பொடிசு. தென்னையில் ஒன்றும் சாயவில்லை, குரும்பையும் மட்டையும்தான் உதிர்ந்திருந்தன. ஓட்டு வீடுகளில் சில ஓடுகள் நகர்ந்திருந்தன. ஜீரோவுக்கு மேல் ஒரு அரை மார்க் போடக்கூட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஜீரோ மார்க் காற்றுக்கு அவர் கூரை ஏன் பறந்தது?

கூரை தென்னந்தோப்பில் கிடந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தகரம் நெளிந்திருந்தது, ஆனால் ஒரு போல்ட்கூடக் கழன்றிருக்கவில்லை. ஒரு வெல்டிங்கூட விட்டிருக்கவில்லை. முழுக் கூரையும் தூண்களோடு சேர்ந்தே எழும்பி வந்திருந்தது. ஆனால் தூண்களின் அடிப்பக்கம் மட்டும் இல்லை. கேஸ் கட்டர் வைத்துப் புதிதாக அறுத்திருந்தது. கொட்டகை இருந்த இடத்துக்குப் போனேன். தூண் நின்ற குழிகளை மண் போட்டு மூடி மட்டம் தட்டியிருந்தது.

"உம் புருஷன்தான் மறுநாள் காலையில ஆள் கூட்டியாந்து சுத்தம் பண்ணுனாரு. பிள்ளைங்க குழியில விழுந்துரும்னு மூடிட்டாரு. நல்ல மனுசன்," என்றார் சித்தி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதையோ மறைத்திருக்கிறார். அடியில் மட்டமான பைப்பைப் போட்டுவிட்டாரோ, ஒட்டு வைத்தாரோ என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவரைப் பற்றி அப்படி நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அவர் ஏதோ ஒரு கேட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து நேராகப் பட்டறைக்குப் போனேன்.

பழைய இரும்புக்குப் பின்னால் எதையோ சாக்குப் போட்டு மூடியிருந்தது. சாக்கை விலக்கினேன். கான்கிரீட் கட்டிகள், ஒவ்வொன்றிலும் அறுபட்ட தூணின் துண்டு. பைப் கனமான, நல்ல பைப். கான்கிரீட்டும் நல்ல கான்கிரீட். ஆனால் என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. இடுப்பளவு ஆழம் வேண்டும் என்று அவர் ஊரில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்பாறை ஒட்டிக்கொண்டிருந்தது. பாறை வந்ததும் தோண்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

பின்னாலிருந்து, "அது டொர்னடோல வந்தது," என்றார். அளவெடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

"குழி யாருங்க வெட்டுனது?"

அவர் கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோயில் வேலைன்னு வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வெட்டுனாங்க. தூணையும் அவங்களே நட்டு கான்கிரீட் போட்டாங்க. நான் அப்பறம்தான் போயி மேல் வேலை பாத்தேன். மாமாதான் நின்னு பாத்தாரு. பாறை வந்துருக்கும். வெயில்ல பாவம்னு போதும்னுருப்பாரு."

"அப்ப அப்பாகிட்ட இதைக் காட்ட வேண்டியதுதான? அவரு உங்க மேலதான கோவமா இருக்காரு!"

"காட்டுனா? தப்பு வேலைன்னா மாப்ளைன்னு பாக்க மாட்டேன்னு ஊர் முன்னாடி சொன்ன மனுசன். அது தன் தப்புன்னு தெரிஞ்சா அந்த ஊர்ல எப்பிடித் தலை நிமிந்து நடப்பாரு? நானாச்சும் வண்டிய எடுத்துட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்துருவேன். அவரு அங்கயே இருக்கணும்ல." சாக்கை எடுத்து மறுபடி கட்டிகளை மூடினார். "டொர்னடோன்னா யாருக்கும் பழி இல்ல. அதான்."

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. கூடவே கோபம்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ரோட்டில் நின்று கத்தி, ஜிலேபி தின்றவர்கள் முன்னால் அவமானப்பட்டிருக்க வேண்டாம்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் கூரையில்லாத கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஊர் உட்கார்ந்தது. வெயிலுக்குப் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். நான் ஒரே ஒரு விஷயம் தீர்மானித்திருந்தேன்: காற்றைப் பற்றி மட்டும் பேசுவது, குழியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

"வந்தது சுழல்காத்துதான்," என்றேன். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

"எத்தனை மார்க்?" என்றது ஒரு குரல். ஐந்துக்கு மார்க் போடுவேன் என்ற விஷயம் அதற்குள் ஊர் பூராவும் பரவியிருந்தது.

"ஜீரோ."

கூட்டம் கொதித்தது. "ஜீரோவா? எங் கோழிக்கூண்டு கண்மாய்க்குப் போயிருக்கு!" சித்திக்குத்தான் ரொம்ப வருத்தம். "நீ சின்னப் பிள்ளையிலருந்தே கையிறுக்கம். ஒரு மார்க்காச்சும் போடு தாயி. அகரத்துக்காரவுக சிரிப்பாக." ஜீரோ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, அதுதான் முதல் படி என்று விளக்கினேன். காலேஜில் என் பையன்கள் வாங்கும் ஜீரோவுக்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டா என்று ஒருவர் கேட்டார். கொஞ்ச நேரம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, மதுரையிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்று அன்றைக்குச் சொன்னவர்களில் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "ஜீரோ மார்க் காத்துக்கே கூரை போயிருச்சுன்னா, வேலை சரியில்லன்னுதான அர்த்தம்?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் அப்பா, சொல்லாவிட்டால் அவர். என் சுத்தமான ஜீரோவை வைத்து நானே அவரை மாட்டிவிட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஆமா. தப்பு என்னுதுதான்," என்றார். "குழி ஆழம் பத்தல. அளவு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். வேற ஆளை வச்சுக் கூரையப் போட்டுக்கங்க."

உப்புக்குக் கடைக்காரரையும் மூடிய கண்ணுக்குப் போட்டோக்காரரையும் குற்றம் சொல்லும் மனிதர். என் காதுபடத் தப்பு என்னுது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய்.

அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அதுவரைக்கும் வெல்டிங் விட்டுத் தூண் முறிந்துதான் கூரை போனது என்று நினைத்திருந்தார்; அன்று இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை, மறுநாள் குழியை மூடியாகிவிட்டது, தூண் அடியோடு பிடுங்கியது அவருக்குத் தெரியாது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"எம்புட்டு ஆழம் இருந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, நேராக அவரிடம்.

"அதெல்லாம் எதுக்கு மாமா..."

"எம்புட்டு மாப்ள?"

அவர் குனிந்து தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

அப்பா ஊரைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ள இடுப்பளவுன்னுதான் சொன்னாரு. பாறை வந்துச்சு. பிள்ளைங்க வெயில்ல வேகுதேன்னு நான்தான் போதும்னேன். அவரு பொய் சொல்றாரு." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்காகச் சொல்றாரு."

குழி வெட்டியவர்கள் பாதிப்பேர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். சித்திதான் எழுந்து, "சரி, அப்ப திருப்பி வெட்டுங்க. திருவிழா வருதுல்ல," என்று சொல்லிவிட்டு மதியச் சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கப் போய்விட்டார். மதுரை என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பாறை உடைக்கும் கம்ப்ரசரோடு என் வீட்டுக்காரர் வந்தார். அப்பா ஒவ்வொரு குழியிலும் குச்சியை விட்டு விட்டுப் பார்த்தார், நம்பிக்கை வரவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குழிக்குள் தானே இறங்கிவிட்டார். மண் விளிம்பு சரியாக அவர் இடுப்புக்கு வந்தது. திருப்தியாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஏறப் பார்த்தார், முடியவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

நான் ஓடுவதற்குள் என் வீட்டுக்காரர் மண்ணில் மண்டி போட்டு அவர் இரண்டு கையையும் பிடித்துவிட்டார். இழுத்தார். அப்பா அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

அப்பா அவர் கையை விடாமல் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"பிடுங்க முடியலைல்ல மாப்ள?" என்றார். "அப்ப ஆழம் சரியாத்தான் இருக்கு."